ஜப்பான் அம்மாவின் வாயில் அக்கா வைத்த சொல்

இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்த புதிதில் ஒருநாள், சமையலறையிலிருந்து ஒரு கிழவி வாய்விட்டு அழுகிற சத்தம் கேட்டது. "ஐயோ, என் குடி முழுகிப் போச்சே, நான் எங்கே போவேன்" என்று அடிவயிற்றிலிருந்து வருகிற அழுகை. கையிலிருந்த ஈரத் துணியைப் போட்டது போட்டபடி ஓடினேன். பக்கத்து வீட்டு அம்மாளும் பின்வாசல் வழியாக ஓடி வந்துவிட்டார். உள்ளே பார்த்தால் கிழவியும் இல்லை, சாவும் இல்லை. என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவி, முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்ல, போங்க" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நாளைக்கு ஒரு அம்மாவுக்கு வீடு எரியுது. அதான் அழுது பாத்தேன். வெங்காயத்துக்கு வர்ற கண்ணீர் சும்மா வீணாத்தானே போகுது?"

அக்கா என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். அவளுக்கு அதுதான் தொழில். வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பாள். வயது முப்பதைத் தொடாத காலத்திலேயே அவளுக்கு வந்ததெல்லாம் கிழவி வேஷம்தான். தொண்டையில் அப்படி ஒரு கரகரப்பு, பிறவியிலேயே. "ஊர்ல எல்லாருக்கும் சின்ன வயசு மருமக வருவா. எனக்குத்தான் என்னைவிட மூத்தவ வந்து வாச்சிருக்கா" என்று மாமியார் கேலி பேசுவார். அக்காவும் சளைக்க மாட்டாள். மாமியாருடைய குரலிலேயே, "ஏண்டி, காப்பி ஆறிப்போச்சு பாரு" என்று அடுத்த அறையிலிருந்து கத்துவாள். மாமனார் இரண்டு பேரில் யாருக்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் விழிப்பார்.

அந்த மாமனார்தான் ஒரு நிபந்தனை வைத்தார், வயசுப் பெண் ஸ்டுடியோவுக்குத் தனியாகப் போகக்கூடாது, துணைக்குச் சின்னவளும் போகட்டும் என்று. "ரெண்டு வயசுப் பொண்ணுங்க சேந்தா ஒரு கிழவி ஆயிடுவாங்களா?" என்று மாமியார் கேட்டார். ஆனாலும் நான் போனேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கையில் ஏதாவது பின்னிக்கொண்டே, உலகத்தையெல்லாம் அங்கேதான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

ஸ்டுடியோ என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு அறை. உள்ளறைச் சுவர் முழுக்கக் கம்பளம் ஒட்டியிருக்கும். மின்விசிறி சத்தம் பதிவாகிவிடும் என்பதால் பேசும்போது நிறுத்திவிடுவார்கள். அக்கா வியர்வை வழிய வழியத்தான் பனிப்பிரதேசத்துக் கிழவிகளுக்குப் பேசுவாள். மாடியில் ஒரு தையல்கூடம். அங்கே மிஷின் ஓடினால் இங்கே வேலை நிற்கும். சவுண்டுக்காரர் ஒரு நீளக் கம்பால் கூரையைத் தட்டுவார், மேலே மிஷின் நிற்கும், "ஓடுதுக்கா, பேசுங்க" என்பார்.

அக்காவுக்கு அங்கே "ரொப்பக்கா" என்று பட்டப்பெயர். அதற்கும் காரணம் உண்டு. எழுதி வந்த தமிழ் வசனம் தீர்ந்துபோயிருக்கும், படத்தில் இருக்கிறவருடைய வாய் இன்னும் அசைந்துகொண்டிருக்கும். அந்த இடத்தை எதையாவது சொல்லி ரொப்ப வேண்டும். "கேட்டியா சேதியை", "நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணினேன்" என்று இப்படி ஏதாவது. உதடு மூடுகிற இடத்தில் சொல்லும் மூட வேண்டும். அக்கா முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல் எடுத்துக் கொடுப்பாள். ஸ்டுடியோ முதலாளிக்கு அது வேதவாக்கு மாதிரி. "வாய் திறந்திருக்கு, குரல் இல்லேன்னா பாக்கறவன் டிவியைத் தட்டுவான். ஒரு வாயும் சும்மா அசையக் கூடாது" என்பார்.

என் பெண் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஜப்பான் படம் வந்தது.

கதைப்படம் இல்லை, நிஜத்தைச் சொல்கிற படம். உலகப்போரின் கடைசியில் ஜப்பானின் இரண்டு நகரங்கள் மேல் அமெரிக்கா அணுகுண்டு போட்டதைப் பற்றி ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி எடுத்தது. படம் நெடுக ஓர் ஆண் குரல் விளக்கம் சொல்லிக்கொண்டே போகும். குண்டு போட்டது கொடுமைதான், ஆனால் போடாமல் இருந்தால் போர் நின்றிருக்காது, இன்னும் எத்தனையோ பேர் செத்திருப்பார்கள், அதனால் அது அவசியம் என்று அந்தக் குரல் சொல்லும். நடுநடுவே ஒரு ஜப்பான் அம்மா வருவார். சுருங்கிய முகம், நேராக வகிடு எடுத்த வெள்ளை முடி. இளம் தாயாக இருந்தபோது மகளைப் பறிகொடுத்தவர். அன்று காலை வானம் எப்படி இருந்தது, மகளை எங்கெங்கே தேடினார் என்பதற்கெல்லாம் வசனம் எழுதி வந்திருந்தது. அக்கா பேசினாள். பெஞ்சில் இருந்த எனக்குப் பின்னல் கண்ணுக்குத் தெரியவில்லை.

படத்தின் கடைசியில் ஓர் இடம். அந்த அம்மா பேசுகிறார், ஆனால் விளக்கக் குரல் அவர் மேலேயே ஏறி ஓடுகிறது. தமிழ் வசனம் எழுதுகிற ரைட்டர் அந்த விளக்கத்தைச் சுருக்கி எழுதிவிட்டார். அது சீக்கிரமே முடிந்துவிட, மிச்ச நேரம் அந்த அம்மாவின் வாய் மட்டும் சத்தமில்லாமல் அசைந்தது.

"இங்க அந்தம்மா என்னதான் சொல்றாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"யாருக்குக்கா தெரியும்? நமக்கு அனுப்புன ஒலியில அவங்க குரலையே எடுத்துட்டாங்க" என்றார் ரைட்டர்.

"கேட்டு வாங்க முடியாதா?"

"கேட்டா, பதில் வர்றதுக்குள்ள உங்களுக்கு நிஜமாவே கிழவிக் குரல் வந்துடும். படம் இந்த வாரமே போகணும். நீங்க பாக்காத வாயா? ரொப்பி விடுங்க."

அக்கா அந்தத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்லிப் பார்த்தாள். அந்த அம்மாவின் மடியில் துணியில் சுற்றிய ஏதோ ஒரு சின்னப் பொருள் இருந்தது. பேசும்போதெல்லாம் ஒரு கை அதைத் தடவிக்கொண்டே இருந்தது.

"சாமி பொருள்" என்றாள் அக்கா. "பாருங்க, எப்படித் தடவுறாங்க. நம்மள மாதிரி சாமியை நம்புற மனுஷி."

சவுண்டுக்காரர் கூரையைத் தட்டினார். மேலே மிஷின் நின்றது. அக்கா கண்ணை ஒருமுறை மூடித் திறந்து பேசினாள்.

"போனது போகட்டும். யார் மேலயும் எனக்குக் கோவம் இல்ல. சண்டை நின்னுச்சே... அது போதும்."

'போதும்' என்கிற இடத்தில் அந்த அம்மாவின் உதடு ஒட்டினாற்போல் மூடியது. வார்த்தை அங்கேயே பிறந்த மாதிரி இருந்தது. சவுண்டுக்காரர் காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க எழுதவே வந்திருக்கலாம்."

"வந்தா? நான் போய் வெங்காயம் நறுக்கணுமா?" என்றார் ரைட்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, தெருமுனையில் அக்கா சொன்னாள்: "பெத்த வயிறு கடைசி வரைக்கும் எரிஞ்சுக்கிட்டே இருக்கக் கூடாதுடி. நாமளாவது கொஞ்சம் தணிச்சு விட்டோம்." அதைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. அவளுக்கு வேறு எண்ணமே கிடையாது. இதை நான் எந்தச் சன்னிதியிலும் சொல்வேன்.

படம் டிவியில் வந்தது. அந்த ஒரு துண்டு மட்டும் தனியாகக் கிளம்பி, ஃபோன் ஃபோனாகப் போனது. நாங்கள் போகிற வழிபாட்டுக் கூட்டத்தில் பேசுகிறவர், மன்னிப்பைப் பற்றிச் சொல்லும்போது அந்த வரியைச் சொன்னார். "பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் சொல்கிறார், யார் மேலும் கோபம் இல்லை என்று. நாம் பக்கத்து வீட்டோடு பேசாமல் இருக்கிறோம்" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள், கூச்சத்தில். வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு நீ வெங்காயத்துக்கு அழுதப்ப ஓடி வந்தவடி நான்" என்று பெருமையடித்துக்கொண்டார்.

சில வருஷம் கழித்து நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. நாத்தனார் வீட்டுக்காரர் வெல்டர். கப்பல் கட்டுகிற இடத்தில், ஜப்பானிலேயே பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். எங்கள் இருவருக்கும் அவர் அண்ணன் முறை. சாப்பாடு முடிந்ததும் என் கணவர் பெருமையாகத் தன் அண்ணி பேசிய அந்தத் துண்டைப் போட்டுக் காட்டினார். அண்ணன் ரசித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, "எங்க, இந்தம்மாவோட நிஜக் குரலை ஒரு தடவை கேக்கலாமா? அந்த பாஷை காதுல விழுந்து ரொம்ப நாளாச்சு" என்றார்.

"கேட்டா உங்களுக்குப் புரியுமா அத்தான்?" என்றார் என் கணவர்.

"புரியாமலா அத்தனை வருஷம் மேஸ்திரிகிட்ட திட்டு வாங்கினேன்? திட்டு புரிஞ்சா பாஷையே வந்துட்ட மாதிரி மாப்பிள்ளை."

என் பெண் அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்தாள். வெளிநாட்டில் வந்த மூலப் படத்தைத் தன் ஃபோனில் தேடி எடுத்துக் கொடுத்தாள். அதில் விளக்கக் குரலுக்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, அந்த அம்மாவின் குரல் லேசாகக் கேட்டது. அண்ணன் ஃபோனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார். சிரிப்பு முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. திரும்பப் போடச் சொன்னார். திரும்பவும் போடச் சொன்னார்.

"என்னண்ணா?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் இல்லம்மா. எனக்கும் அரைகுறைதான்."

"அரைகுறையாவே சொல்லுங்க."

"விடும்மா. நீ நல்லாத்தான் பேசியிருக்கே."

"சொல்லுங்கண்ணா."

அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. "அவசியம்னு சொல்றாங்களாம். அதைத்தான் கேக்குது. 'அவசியம்னு சொல்றாங்க. யாருக்கு அவசியம்? என் பொண்ணு வாசல்ல உக்காந்து செருப்பு மாட்டிக்கிட்டிருந்தா.' நடுவுல ரெண்டு வார்த்தை அந்தாளு குரல்ல முங்கிப் போச்சு. அப்புறம், 'இன்னும் என்கிட்ட இருக்கு, அந்த ஒத்தச் செருப்பு மட்டும்.' அவ்வளவுதான்."

மடியில் இருந்த துணிப்பொட்டலம் என்ன என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மாமியார், குத்திக்காட்டும் எண்ணம் கொஞ்சமும் இல்லாமல், தனக்குத் தானே சொல்வது போலச் சொன்னார்: "நெல்லைக் கொட்டினா அள்ளிடலாம். சொல்லைக் கொட்டினா அள்ள முடியாதும்பாங்க."

"நான் அந்தம்மா வாயைப் பொத்திட்டேன்" என்றாள் அக்கா.

"நீ எங்க பொத்தின? குரலை எடுத்தவன் பொத்தினான்" என்றார் அவள் கணவர்.

"அவங்க பொத்தினாங்க. நான் தச்சுட்டேன்."

அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே எண்ணம்தான். அந்தச் சொல்லை அந்த அம்மாவின் வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும். நேரில் கண்டு மன்னிப்புக் கேட்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. அண்ணன் யார் யாரிடமோ விசாரித்துச் சொன்னார், தமிழில் படம் வருவதற்கு முன்பே அந்த அம்மா காலமாகிவிட்டார் என்று. அக்கா பூஜை அலமாரி முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். "ஆண்டவன்கிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. அவருக்குத் தமிழ் தெரியும். அந்தம்மாவுக்குத் தெரியாதேடி" என்றாள்.

ஸ்டுடியோ முதலாளியிடம் போனோம். நாற்காலி போட்டு மரியாதையாகத்தான் பேசினார். "படம் கை மாறிக் கை மாறி எங்கேயோ போயிடுச்சும்மா. வித்த மாட்டுக்கு நான் போய் மூக்கணாங்கயிறு மாத்த முடியுமா? ஒரு வரி. அதுவும் நல்ல வரி. யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார். யாருக்கு என்ன நஷ்டம் என்பதைச் சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். ஊருக்கெல்லாம் வாய் ரொப்புகிறவளுக்கு அந்த நேரத்தில் சொல் வரவில்லை.

நஷ்டம் என்னவென்று பிறகு தானே தெரிந்தது. என் பெண்ணின் கல்லூரியில் ஒரு பட்டிமன்றம், அணுகுண்டு போட்டது சரியா தவறா என்று. சரி என்று பேசிய பையன், கடைசி ஆயுதமாக அந்தத் துண்டைப் போட்டுக் காட்டினானாம். "பாதிக்கப்பட்டவரே சொல்லிவிட்டார், சண்டை நின்றதே போதும் என்று. நமக்கென்ன வழக்கு?" என்றானாம். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனதாம். என் பெண் எழுந்து, "அது அவங்க சொன்னது இல்ல, எங்க பெரியம்மா சொன்னது" என்றிருக்கிறாள். கூடமே சிரித்துவிட்டது. நடுவராக இருந்த ஆசிரியை, "உங்க பெரியம்மாவா? அருமையா பண்ணியிருக்காங்க" என்று பாராட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து சொல்லும்போது அவளுக்கு அழுகை. கேட்டுக்கொண்டிருந்த அக்காவுக்கு அது வரவில்லை. வெங்காயமே இல்லாமல் அழத் தெரிந்தவள், வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டுடியோவிலிருந்து கூப்பிட்டார்கள். இங்கேயே ஒருவர் புதிதாக ஒரு படம் எடுக்கிறார், போரை நிறுத்திய குண்டு என்பதுதான் பொருள். ஜப்பான் அம்மாவின் அந்தத் துண்டை விலை பேசி வாங்கி அதில் சேர்த்திருக்கிறார். பழைய பதிவில் இரைச்சல் இருக்கிறது, அதனால் அதே வரியைத் தெளிவாக இன்னொரு தடவை பேசித் தர வேண்டும் என்றார்கள்.

"ஆண்டவன் கதவைத் திறந்துட்டாருடி" என்றாள் அக்கா. நானும் அப்படித்தான் நம்பினேன்.

இரண்டு நாளாக வீட்டில் அந்தத் துண்டைச் சத்தமில்லாமல் ஓட்டி ஓட்டிப் பழகினாள். அண்ணன் சொன்ன சொற்களைத் தமிழில் அந்த அம்மாவின் உதட்டுக்குப் பொருத்திப் பார்த்தாள். வரியை 'ஒத்தச் செருப்பு மட்டும்' என்று முடித்தால் உதடு மூடுகிற இடத்தில் சரியாக மூடியது. பழையது பொருந்தியதைவிட இது நன்றாகவே பொருந்தியது. அது அவளை இன்னும் வதைத்தது. "பாருடி, ரெண்டும் பொருந்துது. வாயைப் பாத்தா பொய்யி எது, நெசம் எதுன்னு தெரியவே மாட்டேங்குது" என்றாள்.

ஸ்டுடியோவில் விசிறியை நிறுத்தினார்கள். கூரையைத் தட்டினார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சவுண்டுக்காரருக்கு அருகில் படம் எடுப்பவர் உட்கார்ந்திருந்தார். கெட்டவர் இல்லை, வந்தவுடன் அக்கா காலைத் தொட்டுக் கும்பிட்டவர். படம் ஓடியது. அக்கா பேசினாள்.

"அவசியம்னு சொல்றாங்க. யாருக்கு அவசியம்? என் பொண்ணு வாசல்ல உக்காந்து செருப்பு மாட்டிக்கிட்டிருந்தா. இன்னும் என்கிட்ட இருக்கு... ஒத்தச் செருப்பு மட்டும்."

அவள் பேசி நான் கேட்டதிலேயே அதுதான் மெதுவானது. அழுகை கிடையாது. சவுண்டுக்காரர் பொத்தானை அழுத்த மறந்து உட்கார்ந்திருந்தார். படம் எடுப்பவர் உள்ளறைக்குக் கேட்கிற மைக்கில் பேசினார்.

"அக்கா, எழுதியிருக்கிறதை விட்டுட்டீங்க."

"எழுதியிருக்கிறது அந்தம்மா சொன்னது இல்ல தம்பி. நான் சொன்னது."

"அவங்க சொன்னதுன்னு நாடே கேட்டிருக்கே."

"நாடு கேட்டது என்னை."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "சரிக்கா, நீங்க சொல்றதே நெசம்னு வச்சுக்குவோம். ஒரு அம்மா மனசு ஆறலேங்கிறதுக்காகப் போர் நின்னது இல்லேன்னு ஆயிடுமா?"

"போர் எப்படி நின்னுச்சுன்னு எனக்குத் தெரியாது. அது படிச்சவங்க வழக்கு. நீங்க என்ன வேணா சொல்லுங்க தம்பி, உங்க வாயால சொல்லுங்க. அவங்க வாயால சொல்லாதீங்க."

"அந்த வரி இல்லேன்னா இந்தப் படமே இல்லக்கா. அதை நம்பித்தான் மொத்தத்தையும் கட்டியிருக்கேன்."

"என் பொய் மேலயா கட்டியிருக்கீங்க?"

"பாக்கறேன்க்கா, யோசிக்கிறேன்" என்றார். மேலே மிஷின் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது.

படம் வந்தது. குடும்பமே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஜப்பான் அம்மா வந்தார். உதடு அசைந்தது. "சண்டை நின்னுச்சே... அது போதும்." அதே பழைய குரல், இரைச்சலைத் துடைத்துப் பளிச்சென்று. கீழே எழுத்திலும் போட்டிருந்தார்கள். முன்பாவது காதோடு போயிற்று, இப்போது கண்ணாலும் படிக்கலாம். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். சற்று நேரத்தில் சவுண்டுக்காரர் ஃபோனில் வந்தார்.

"பழசு என்கிட்ட இருந்துச்சுக்கா. கேட்டாங்க, குடுத்துட்டேன். நான் வேலைக்காரன், வேற என்ன பண்ணுவேன் சொல்லுங்க? ஆனா நீங்க புதுசாப் பேசினதை நான் அழிக்கல. பத்திரமா வச்சிருக்கேன்."

"யாருக்குப்பா வச்சிருக்கே?" என்றாள் அக்கா. கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவள் எந்த வாயையும் ரொப்பவில்லை. வசனம் தீர்ந்தும் உதடு அசைந்தால், "இவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க" என்று நின்றுவிடுவாள். ஸ்டுடியோவில் யாருக்கு நேரம் இருக்கிறது? ரொப்பக்கா என்ற பட்டம் போய், "கேட்டுச் சொல்லு அக்கா" ஆனாள். கூப்பிடுவது குறைந்தது. பிறகு வேறொரு பெண் வந்தாள், கெட்டிக்காரி, சட்சட்டென்று ரொப்புகிறவள். அக்கா அவளைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, "அந்தப் புள்ளைக்கு யாராவது சொல்லணும்டி" என்றாள். "நீங்களே சொல்லுங்களேன்" என்றேன். "நான் சொன்னா பொறாமைன்னு நினைப்பா" என்று விட்டுவிட்டாள். சொல்லியிருக்கலாம் என்று இப்போது அதற்கும் சேர்த்து வருந்துகிறாள்.

குண்டு விழுந்த அந்த மாதம் வந்தால் ஏதாவது ஒரு டிவியில் அந்தப் படத்தைப் போட்டுவிடுகிறார்கள். போட்டால் அக்கா பார்க்காமல் இருக்க மாட்டாள். ஜப்பான் அம்மா கடைசியாக வருகிற இடம் நெருங்கும்போது ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுக்க அடைத்துவிடுவாள். வீடு அமைதியாகிவிடும். அந்த உதடு அசையத் தொடங்கியதும் அக்கா பேசுவாள், அந்த அம்மா சொன்னதை, உதடு பிசகாமல். ஊர் முழுக்க எத்தனையோ வீடுகளில் அந்த நேரத்தில் 'அது போதும்' என்று கேட்டுக்கொண்டிருக்கும். எங்கள் கூடத்தில் மட்டும் ஒற்றைச் செருப்பு. கேட்பது நாங்கள் நாலைந்து பேர். பேசி முடித்ததும் ரிமோட்டை வைத்துவிட்டு, ஏதோ கடமை முடிந்த மாதிரி சமையலறைக்குப் போவாள். முகத்தில் அந்தப் பழைய நிறைவு மட்டும் வந்ததில்லை.

இந்த வருஷம் அவள் தொண்டையில் சின்னதாக ஒரு கட்டி வந்து எடுத்தார்கள். குரல்காரர்களுக்கு வருகிறதுதான், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் கொஞ்ச நாள் முணுமுணுக்கக்கூட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் எல்லாம் சைகைதான். "இந்த வீட்டுல இப்பத்தான் நான் ஒரே கிழவி" என்றார் மாமியார்.

படம் போட்டுவிட்டார்கள். அந்த இடம் நெருங்க நெருங்க அக்காவின் கை ரிமோட்டைத் தேடியது. சத்தத்தை அடைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நானா? எனக்கு எங்கக்கா வரும்?" என்றேன்.

பதிலுக்கு என் தோளில் கையை வைத்தாள். அந்த அம்மா வந்தார். உதடு பிரிகிற அதே நொடியில் தோளில் ஒரு தட்டு தட்டினாள், சவுண்டுக்காரர் கூரையைத் தட்டுகிற மாதிரி. நான் ஆரம்பித்தேன். "அவசியம்னு சொல்றாங்க. யாருக்கு அவசியம்?" அதுவரை சரியாக இருந்தது. "என் பொண்ணு" என்ற இடத்தில் என் கண் தானாக என் மகள் பக்கம் திரும்பியது. அறை வாசலில் நின்று அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்கு வரி நின்றுவிட்டது. அக்கா இன்னொரு தடவை தட்டினாள். நான் பிடித்து ஓடினேன், ஆனால் அந்த உதடு எனக்காக நிற்கவில்லை. நான் செருப்புக்கு வருவதற்குள் அந்த அம்மா வாயை மூடிவிட்டார். திரையில் வேறெதுவோ, ஒரு தெரு, ஒரு பாலம். அந்தப் பாலத்தின் மேல்தான் நான் "ஒத்தச் செருப்பு மட்டும்" என்று சொல்லி முடித்தேன்.

"மன்னிச்சுக்கோங்கக்கா" என்றேன்.

அக்கா தலையை அசைத்தாள். பரவாயில்லை என்றா, சரியாக வரவில்லை என்றா, எனக்குப் புரியவில்லை. கையை என் தோளிலிருந்து எடுக்காமலேயே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தத்தைத் திரும்ப வைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.